மாயக்கதைப் பாத்திரங்கள்: ப்ராம்ப்டில் எந்தச் சொல் முகத்தை முடிவு செய்கிறது?

#1 கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாயக்கதைத் தொடர் எழுதி வருகிறேன். அதற்குப் படங்கள் வேண்டி, ப்ராம்ப்ட் என்ற விவரிப்பை எழுதிக் கொடுத்தால் வரைந்து தரும் ஏஐ ஓவியக் கருவிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். என் கதை நாயகி முத்தாச்சியை முன்னிட்டுத்தான் இந்த இழை.

முத்தாச்சிக்கு ஐம்பத்தைந்து வயது. தேவனாம்பட்டினம் போல ஒரு கரை. கடல் கொண்டுபோனவர்களின் பெயர்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்து, அமாவாசை தோறும் தண்ணீர் விளிம்பில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறவள். கையில் வாள் கிடையாது, துடுப்பு. கறுத்த மேனி, வெற்றிலைக் கறை படிந்த உதடு, உப்புக்காற்றில் வெளுத்த தலைமுடி. அவளைப் பார்த்தால் பயமும் வரவேண்டும், மடியில் தலைவைத்துப் படுக்கவும் தோன்றவேண்டும்.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற கருவியில் ‘பியூட்டிஃபுல் சவுத் இந்தியன் வாரியர் விமன், ஓல்டர், சீ கோஸ்ட், எபிக் ஃபேன்டசி’ (அழகான தென்னிந்திய வீராங்கனை, வயதானவள், கடற்கரை, காவிய மாயக்கதை) என்று ஆங்கிலத்தில் அடித்தேன். வந்து நிற்பவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கோதுமை நிறம், கூர்த்த தாடை, இடுப்பு தெரியும் தங்கக் கவசம், நெற்றிச்சுட்டி. பின்னால் சிவப்புக்கல் ராஜஸ்தான் கோட்டை. ‘ஓல்டர்’ என்று சொன்னதற்குக் காதோரம் ஒரு நரைக்கீற்று, அவ்வளவுதான்.

பிறகு சீட் எண்ணை மாற்றாமல் வைத்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துப் பார்த்தேன். கருவி படத்தைத் தொடங்கும் தாறுமாறான புள்ளிக்கூட்டத்தை, அதாவது தொடக்க இரைச்சலை, முடிவு செய்யும் எண்தான் சீட். அது ஒன்றாக இருந்தால் இரைச்சலும் ஒன்றாக இருக்கும். ஆகவே மாறுவதெல்லாம் அந்தச் சொல்லின் வேலை என்று நம்பிச் சொல்லலாம். ‘எபிக்’கை எடுத்தால் வானம் அமைதியாகிறது, முகம் அப்படியே இருக்கிறது. ‘பியூட்டிஃபுல்’லை எடுத்தால் வயது கொஞ்சம் கூடுகிறது, நிறமும் ஒரு படி இறங்குகிறது. ‘வாரியர்’ என்ற ஒரே சொல்லை எடுத்ததும் எல்லாமே மாறிப்போனது. கவசம் போனது, தாடை உருண்டது, நிற்கும் விதம் மாறியது, கண் கேமராவை விட்டு விலகியது.

எனக்குத் தோன்றுவது இதுதான். வீராங்கனை, இளவரசி, சூனியக்காரி, முனிவர் மாதிரியான பட்டப்பெயர்கள் ஒரு ஆளை முழுசாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வருகின்றன. முகம், வயது, உடல், உடுப்பு, நிற்கும் தோரணை எல்லாம் அந்த ஒரு சொல்லோடு வந்துவிடுகிறது. அதன் மேல் நாம் அடுக்கும் பெயரடைகள் பூச்சு மட்டும்தான். பட்டத்தை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் எழுதினால் நம் ஆள் வருவாளா? உங்கள் அனுபவம் என்ன?

#2 உப்பளத்தான் (புதுச்சேரி)

அக்கா, நீங்க பார்த்தது சரி. ஏன் அப்படி ஆகுதுன்னு கொஞ்சம் உள்ளே போய்ச் சொல்றேன்.

2022 ஆகஸ்ட்ல வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன், லயான்-5பி தொகுப்பிலேர்ந்து எடுத்த படங்களை வச்சுப் படிச்சது. அந்தத் தொகுப்புல மொத்தம் 585 கோடி படம்-எழுத்து ஜோடிகள். எழுத்துன்னா யாரோ படத்தைப் பார்த்து உட்கார்ந்து எழுதின விளக்கம் இல்லை. வலைப்பக்கத்துல படத்துக்குப் பின்னாடி இருக்குமே ஆல்ட் டெக்ஸ்ட், அதுதான். கேம் ஓவியம், காஸ்ப்ளே (பாத்திர வேஷம் கட்டின) படம் போடறவங்க ‘வாரியர்’னு எழுதுவாங்க. துறைமுகத்துல காலையில மீன் ஏலம் எடுக்கிற அம்மா படத்துக்கு அப்படி யாரும் எழுதறதில்லை. மெஷினுக்கு அந்த அம்மாவும் தெரியும், வீராங்கனையும் தெரியும். ரெண்டு பேரும் ஒரே ஆளா இருக்கலாம்னு அதுக்குச் சொல்லித் தர ஆளில்லை.

இன்னொண்ணு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 வரைக்கும் வந்த மாடல்களோட பின்கட்டப் பயிற்சிக்கு, அழகு மதிப்பெண் 5-க்கு மேல வாங்கின படங்களை மட்டும் வடிகட்டிக் கொடுத்தாங்க. மதிப்பெண் போட்டதும் ஒரு மெஷின்தான். அதனால நாம ‘பியூட்டிஃபுல்’னு எழுதாட்டாக்கூட, எந்த முகம் அழகுங்கிற ஒரு முடிவு உள்ளேயே உட்கார்ந்திருக்கு. நாமளும் எழுதினா அதுக்கு இன்னும் அழுத்தம் கொடுக்கிறோம்.

அடுத்து நேரக்கணக்கு. படம் முழு இரைச்சல்லேர்ந்து படிப்படியா தெளியுது இல்லையா, அதுல முதல் சில படிகள்லயே உருவத்தோட நிலை, அளவு, எங்கே நிக்குது எல்லாம் முடிவாயிடும். தோல், துணி, சுருக்கம் இதெல்லாம் பின்னாடி வருது. ‘வாரியர்’ முதல் படியிலயே நிலையைப் பிடிச்சுக்கிது. ‘ஓல்டர்’ அப்புறம் வந்து அந்த உடம்பு மேல நரையைத் தடவ மட்டும்தான் முடியுது.

ஸ்டேபிள் டிஃப்யூஷனை நம்ம கணினியில ஓட்டற ஆட்டோமேட்டிக்1111 வச்சிருந்தா ஒரு வழி இருக்கு. சதுர அடைப்புக்குள்ள ரெண்டு சொல், நடுவுல முக்காற்புள்ளி, கடைசியில 0.4 மாதிரி ஒரு எண். மொத்தப் படிகள்ல முதல் 40 சதவீதத்துக்கு முதல் சொல், மீதிக்கு ரெண்டாவது சொல். முதல்ல ‘ஓல்ட் ஃபிஷர் விமன்’னு ஓட விடுங்க. உடம்பு, வயசு, நிலை எல்லாம் அவங்களோடதா அமையும். அப்புறம் ‘வாரியர்’ வரட்டும். அப்ப வாரியர் அந்த அம்மா உடம்புக்குள்ள வந்துதான் உட்காரணும்.

#3 நெய்வேலி_ராந்தல்

நான் போன்ல இலவச ஆப்தான் வச்சிருக்கேன், சீட் எல்லாம் காட்டாது. ஒரு சந்தேகம். ‘நோ ஜுவல்லரி’ன்னு எழுதினா நகை இன்னும் கூடுதலா வருதுங்க. ஏன்?

#4 உப்பளத்தான்

ராந்தல் தம்பி, அந்தக் காலத்து மாடல்கள்ல எழுத்தைப் படிக்கிற பாகம் க்ளிப். ஓப்பன்ஏஐ 2021-ல வெளியிட்டது, 40 கோடி ஜோடி வச்சுப் பழக்கினது. அதுக்கு ‘இல்லை’ங்கிறது சரியாப் பிடிபடாது. படத்துல இல்லாததைப் பத்தி யாரு ஆல்ட் டெக்ஸ்ட்ல எழுதுவா? ‘நகை’ங்கிற சொல் வந்தாச்சு, நகையைக் கொண்டுவந்துடும்.

அதனாலதான் நெகட்டிவ் ப்ராம்ப்ட்னு தனிப் பெட்டி. ஒவ்வொரு படியிலும் மெஷின் ரெண்டு தடவை கணக்குப் போடுது: நம்ம ப்ராம்ப்ட் இருந்தா எப்படி, வெறுமையா இருந்தா எப்படி. அந்த வெறுமை இருக்கிற இடத்துல நெகட்டிவ் ப்ராம்ப்டை வச்சு, அதுலேர்ந்து விலகிப் போகச் சொல்றோம். எவ்வளவு வேகமா விலகணும்ங்கிறதுதான் சிஎஃப்ஜி எண், வழக்கமா 7 பக்கம் வைப்பாங்க. 15-க்கு ஏத்தினா நிறம் கருகும். மிட்ஜர்னிங்கிற கருவியில ரெண்டு கோடு போட்டு ‘நோ’ எழுதி, பின்னாடி வேண்டாததைச் சொல்லணும். ஃப்ளக்ஸ் மாதிரி சில புது மாடல்கள்ல வழக்கமான நெகட்டிவ் பெட்டியே கிடையாது. உங்க ஆப்ல அது இல்லைன்னா, நகை இருக்கிற இடத்துல வேற எதையாவது உட்கார வைங்க. கழுத்துல கறுப்புக் கயிறுன்னு எழுதினா தங்கச் சங்கிலிக்கு இடம் இருக்காது.

#5 கெடிலக்கரை

கழுத்துக்குக் கறுப்புக் கயிறு எழுதிப் பார்த்தேன் தம்பி. உடனே பலித்தது. காதுக்கும் அப்படியே: ‘நீண்டு தொங்கும் வெறுங்காது மடல், பாம்படம் போட்டிருந்த துளை’. பாம்படத்தைக் கழற்றிவிட்ட காது என்பதால் அவளுக்கு ஒரு பழைய வாழ்க்கையும் சேர்ந்து வந்துவிட்டது. நான் கதையில் எழுதாத ஒன்று அது.

தமிழிலேயே ப்ராம்ப்ட் எழுதினால் என்ன ஆகும் என்று யாராவது சொல்ல முடியுமா?

#6 உப்பளத்தான்

க்ளிப் வச்ச மாடல்கள்ல எழுத வேண்டாம்க்கா. அதுல மொத்தம் 77 டோக்கன் (எழுத்துத் துண்டு)தான் இடம். தொடக்கக்குறி, முடிவுக்குறி போக நமக்கு 75. தமிழ் யூனிகோட்ல ஒவ்வொரு குறியும் மூணு பைட். ‘முத்தாச்சி’ அஞ்செழுத்து, ஆனா புள்ளி, கொம்பெல்லாம் தனிக் குறியாச் சேர்த்துப் பத்துக் குறி, 30 பைட். அந்தச் சொல்லை அது முழுசாப் பார்த்ததே இல்லை, துண்டு துண்டா உடைச்சுத்தான் வாங்கிக்கும். ரெண்டு வரியில இடம் தீர்ந்துடும், அர்த்தமும் போய்ச் சேராது. பெரிய மொழி மாடலைச் சேர்த்துக் கட்டின புதுக் கருவிகள்ல தமிழ்ல சொன்னாலும் புரிஞ்சுக்கிது. ஆனா அதுல வேற சிக்கல் இருக்கு, அப்புறம் சொல்றேன்.

#7 அரிதாரம் (பண்ருட்டி பக்கம்)

இந்த இழையைப் படிச்சிட்டு எழுதாம இருக்க முடியலை. எங்க வீட்டுல அப்பா, தாத்தா ரெண்டு பேரும் தெருக்கூத்துக் கலைஞர்கள். நான் கட்டை கட்டி, அதாவது வேஷம் போட்டு, ஆடறதில்லை, ஆனா ஒப்பனைக் கொட்டகையிலயே வளர்ந்தவன்.

கூத்துல ஒரு வேஷம் திரையைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே வரும். முழு உருவமும் தெரியறதுக்கு முன்னாடியே கிரீடத்தோட உயரமும் சலங்கைச் சத்தமும் யாரு வர்றாங்கன்னு சொல்லிடும். திரை விலகினதும் முகத்துல சிவப்பு இருந்தா துரியோதனன்னு கடைசி வரிசையில தூங்கி எழுந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். யாரும் ‘இவன் கோபக்காரன், ஆணவக்காரன்’னு முன்னாடி சொல்றதில்லை. மரக் கிரீடம், தோள்ல புஜகீர்த்திங்கிற இறக்கை மாதிரி அணி, மார்புல பதக்கம், எல்லாத்துலயும் கண்ணாடிச் சில்லு, அகலப் பாவாடை, விரிஞ்ச முழங்கால். அந்தக் கட்டுமானந்தான் ஆளு. கெடிலக்கரை அக்கா சொல்றது அதேதான்னு எனக்குப் படுது. குணத்தை எழுதாதீங்க, கட்டுமானத்தை எழுதுங்க.

நான் துரியோதனன் வேஷத்தை ஏஐல கொண்டுவரப் பார்த்தேன். ‘தெருக்கூத்து’ன்னு ஆங்கில எழுத்துல அடிச்சா கதகளிதான் வருது. பச்சை முகம், தாடையைச் சுத்தி வெள்ளைச் சுட்டி, வட்டக் கிரீடம். கதகளிக்கு உலகம் பூரா படம் இருக்கு, எங்க ஊர்க் கூத்துக்கு இல்லை. கலை பேரை எடுத்துட்டு, ‘தோளுக்கு மேல எழும்பி நிற்கும் மரத்தாலான இறக்கை வடிவ அணி, அதில் பதித்த சின்னக் கண்ணாடித் துண்டுகள், செம்மண் சிவப்பு பூசிய முகம், கறுப்பு மையில் வரைந்த மீசை, இரவு, பின்னாலிருந்து ட்யூப்லைட் வெளிச்சம்’னு உடைச்சு எழுதினேன். கதகளி போயிடுச்சு. கூத்துக்குக் கிட்ட வந்துச்சு. அந்த ட்யூப்லைட் வரி ரொம்ப உதவுச்சு. அதை எழுதற வரைக்கும் எண்ணெய் விளக்கு வெளிச்சம்தான் வந்துக்கிட்டிருந்தது, கூடவே கேரளாவும் வந்துக்கிட்டிருந்தது.

#8 வைத்திக்குப்பம்_வலை (புதுச்சேரி)

அரிதாரம் அண்ணே, அருமை. எனக்கும் ஒரு பேர்ல சிக்கல். முத்தாச்சி கதைக்குக் கடல் காட்சி வேணும்னா ‘கட்டமரான்’னு மட்டும் அடிச்சுடாதீங்க அக்கா. ரெண்டு அடிப்பாகம் வச்ச வெள்ளை சொகுசுப் படகு வந்து நிக்கும், மேல கண்ணாடி அறை வேற. ‘நீளமான மரத்தண்டுகளை வரிசையாக வைத்துக் கயிற்றால் கட்டியது, ஆணி இல்லை, பக்கச்சுவர் இல்லை, தண்ணீர் மேலே ஏறி வழிகிறது’ன்னு எழுதுங்க. பக்கச்சுவர் பத்திச் சொல்லலைன்னா அதுவாவே ஒரு தோணியாக்கிடும். க்ளிப்புக்கு ‘இல்லை’ புரியாதுன்னு மேல சொன்னாங்களே, அதனால ‘தட்டையான மிதவை’ன்னு மாத்திச் சொன்னா இன்னும் நல்லது.

இன்னொரு விஷயம். எங்க பக்கம் கடலுக்குப் போறது ஆம்பளைங்க. கரைக்கு வந்த மீனை ஏலம் எடுக்கிறது, கூடை சுமக்கிறது, விக்கிறது பொம்பளைங்க. முத்தாச்சி துடுப்பு பிடிக்கிறது கதைக்காக, அது உங்க உரிமை. ஆனா அவங்க தலையில சும்மாடு இருக்கணும். வருஷக்கணக்கா கூடை சுமந்த கழுத்து எப்படி நிமிர்ந்து நிக்கும்னு பார்த்திருக்கீங்க இல்லையா? எந்தக் கவசமும் அந்த நிமிர்வைத் தராது.

#9 கெடிலக்கரை

வலை தம்பி, நீங்கள் சொன்ன அந்தக் கழுத்தைப் பற்றி இரண்டு நாளாக யோசிக்கிறேன். ‘ப்ரவுட் போஸ்’ என்று எழுதினால் இடுப்பில் கைவைத்த மாடல் அழகி வருகிறாள். ‘தலையில் துணிச் சும்மாடு, அதன்மேல் பாரம் இருப்பதுபோல் நேராக நிமிர்ந்த கழுத்து, கை இரண்டும் தொங்குகின்றன’ என்று எழுதினேன். வந்த படத்தில் அவள் யாரையும் சட்டை செய்யாமல் நிற்கிறாள். ‘பெருமிதம்’ என்ற சொல் ப்ராம்ப்டில் இல்லை, படத்தில் இருக்கிறது.

#10 திருப்பாப்புலியூர்

எல்லாரும் சொல் சொல் என்று பேசுகிறீர்கள். நான் மாறுபடுகிறேன்.

ப்ராம்ப்டைச் செதுக்குவது 2022-ஆம் ஆண்டு வேலை. 2023 தொடக்கத்தில் கன்ட்ரோல்நெட் என்ற துணைக்கருவி வந்தது. நிற்கும் நிலையை ஒரு கோட்டோவியமாகக் கொடுத்தால் போதும், ‘கை இரண்டும் தொங்குகின்றன’ என்று கெஞ்ச வேண்டாம். முகம் ஒன்றாக இருக்க ஐபி-அடாப்டர் இருக்கிறது. மிட்ஜர்னி 2024 மார்ச்சில் பாத்திர மேற்கோள் வசதி கொடுத்தது, ஒரு படத்தைக் காட்டினால் அதே ஆளைத் திரும்ப வரையும். சொந்த லோரா (நம் படங்களைக் கொண்டு மாடலுக்கு ஒரு ஆளைச் சொல்லித்தரும் சின்னத் துணைக்கோப்பு) பழக்கினால் இன்னும் உறுதி, சில பத்துப் படங்கள் போதும். தொடர்கதைக்குப் படம் போடுகிறவருக்கு முதல் தேவை, ஒன்றாம் அத்தியாயத்து முத்தாச்சியும் பத்தாம் அத்தியாயத்து முத்தாச்சியும் ஒரே ஆளாக இருப்பது. எத்தனை அழகான சொல்லும் அதைத் தராது. சொல்லில் செலவழிக்கும் நேரத்தை மேற்கோள் படம் திரட்டுவதில் செலவழியுங்கள்.

#11 கெடிலக்கரை

உங்கள் கருத்தில் பாதியை முழுமனதாக ஏற்கிறேன். ஒரே ஆளைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரச் சொல் போதாது, அதற்கு நீங்கள் சொன்ன கருவிகள்தான் வேண்டும்.

ஆனால் அந்த முதல் படம் எங்கிருந்து வரும்? லோராவுக்குத் தீனி போடும் படங்கள் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் அந்த மாடலிலேயே உருவாக்கித் தேர்ந்தெடுத்த படங்கள்தான். தொடக்கத்தில் ‘வாரியர் விமன்’ தந்த முகத்தை வைத்துக்கொண்டு லோரா பழக்கினால், அந்தத் தங்கக் கவசப் பெண் பத்து அத்தியாயத்திலும் துல்லியமாக ஒரே மாதிரி வருவாள். அவ்வளவு உறுதியாகத் தப்பான ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. முதல் முகத்துக்குச் சொல் வேண்டும். அந்த முதல் நாள் உழைப்பு எங்கே போகிறது என்பதுதான் என் கவலை.

உண்மையான மனிதர்களின் படத்தை எடுத்து மேற்கோளாகக் கொடுக்கவும் எனக்கு மனமில்லை. மீன் சந்தையில் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவைக் கேட்காமல் படம் பிடித்து, அவர் முகத்தை ஒரு மாயக்காரிக்கு ஒட்டுவது சரியல்ல.

#12 வைத்திக்குப்பம்_வலை

கடைசிப் பத்திக்கு நன்றி அக்கா. எங்க தெருவுக்குக் கேமரா தூக்கிட்டு வர்றவங்க நிறைய. மாசிமகத்துக்குச் சாமிங்க தீர்த்தவாரிக்கு எங்க கரைக்கு வரும்போது கேட்கவே வேண்டாம். கிழவி முகம், சுருக்கம், வெயில், எல்லாம் ‘ஆத்தென்டிக்’னு எடுத்துட்டுப் போறாங்க. அந்தப் படமெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்து யாருக்குப் பயிற்சி ஆகுதோ. நேர்ல கேட்டு, சம்மதிச்சு, காசும் கொடுத்து எடுத்தா அது வேற.

#13 புதுவைத்_தூரிகை (அரியாங்குப்பம்)

பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படித்தவள் நான். கையால் வரைகிறேன். ஏஐ படங்களை நான் பயன்படுத்துவதில்லை, ஆனாலும் இந்த இழை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு விஷயத்தை யாரும் இதுவரை தொடவில்லை. ஓவியர்களின் பெயர்கள்.

மாயக்கதைப் படம் என்றதும் ப்ராம்ப்டின் கடைசியில் ஒரு பெயரை ஒட்டும் பழக்கம் 2022-இல் பரவியது. போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயர் அப்படி அடிபட்டது. அவரே அதைப் பற்றி வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். தன் பெயரைத் தேடினால் தான் வரையாத படங்கள் வந்து நிற்கின்றன என்பது அவர் கவலை. அந்த ஆண்டு நவம்பரில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2.0 வந்தபோது எழுத்து படிக்கும் பாகத்தை மாற்றினார்கள். அவர் பெயருக்கு முன்பிருந்த வலு குறைந்துவிட்டது. அதற்குப் பலர் கோபப்பட்டார்கள். உயிரோடு இருக்கும் ஒருவரின் கைவண்ணம் பிடிபடவில்லையே என்ற கோபம்.

அறம் ஒரு பக்கம் இருக்கட்டும், பாத்திரத்துக்கு இதனால் என்ன நேர்கிறது என்று பாருங்கள். ஒரு ஓவியர் பெயரோடு அவருடைய ஒளி மட்டும் வருவதில்லை. அவர் வரைந்த ஆட்களும் வருகிறார்கள். வடக்கு ஐரோப்பிய மேகம், உலோகக் கவசம், குதிரை, டிராகன். முத்தாச்சியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் அவள் மூக்கே மாறிவிடும். ஓவியர் பெயரை எடுத்துவிட்டு ஒளியை எழுதுங்கள். கடலூர்க் கரையில் காலை ஏழு மணிக்கு வெயில் கடலிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும், நிழல் பின்னால் ஊர்ப் பக்கம் விழும். மாலையில் முகம் இருண்டு, தலைமுடி விளிம்பு மட்டும் ஒளிரும். நமக்கு சூரியன் கடலில் மறைவதில்லை. ஏஐ தரும் ‘தமிழ்நாட்டுக் கடற்கரை’களில் பாதி அஸ்தமனக் கடல்தான், கவனித்தீர்களா?

பொருளையும் எழுதுங்கள். வில்லியனூர் சுடுமண், திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மை இரண்டும் புவிசார் குறியீடு பெற்ற புதுவைக் கைவினைகள். ஊர்ப் பெயர் மெஷினுக்குத் தெரியாது. ‘சுட்ட களிமண், விரல் தடம் தெரியும் பரப்பு, சூளைக் கரி படிந்த விளிம்பு’ என்றால் தெரியும். உங்கள் கதையில் காவல் தெய்வங்கள் வந்தால் அவர்களை அப்படி வரவழையுங்கள்.

#14 அரிதாரம்

காவல் தெய்வம்னதும் ஞாபகம் வருது. ‘ராட்சசன்’னு ஆங்கில எழுத்துல அடிச்சா எனக்குப் பல தடவை புலித்தலையோட ஒருத்தன் வந்தான். நம்ம ராட்சசனுக்கு எப்ப புலித்தலை வந்துச்சு?

#15 உப்பளத்தான்

அண்ணே, அது 1977-லேர்ந்து வர்ற வழக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு அமெரிக்க விளையாட்டு. அதோட அரக்கர் கையேட்டுல ராட்சசனைப் புலித்தலையோட வரைஞ்சாங்க. அப்புறம் அந்த விளையாட்டைச் சேர்ந்த ஓவியங்கள் எல்லாம் அதையே பிடிச்சுக்கிச்சு. இணையத்துல ‘ராட்சசா’ன்னு ஆங்கிலத்துல பேர் போட்டிருக்கிற ஃபேன்டசி படங்கள்ல அது நிறைய. அதனால ‘ஃபேன்டசி’ங்கிற சொல்லையும் ‘ராட்சசா’வையும் சேர்த்துப் போட்டா புலி வர வாய்ப்பு அதிகம். ‘கோபுரத்துல இருக்கிற சுதைச் சிற்பம், பிதுங்கின கண், கோரைப்பல், பச்சை மேனி’ன்னு எழுதிப் பாருங்க.

யாளிக்கும் இதே வழிதான். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, பின்னங்காலில் எழும்பி நிற்கும் கல்தூண் சிற்பம்னு உறுப்பு உறுப்பா சொல்லணும்.

இப்ப நான் முன்னாடி விட்ட விஷயம். புதுக் கருவிகள் பலதுல நாம எழுதறது அப்படியே மாடலுக்குப் போறதில்லை. 2023 அக்டோபர்ல சாட்ஜிபிடியோட டால்-ஈ 3ங்கிற ஓவியக் கருவி வந்தப்ப, நடுவுல ஜிபிடி-4ங்கிற மொழி மாடல் நம்ம வரியை வாங்கி விரிச்சு எழுதித்தான் அனுப்புச்சு. புரோகிராம் வழியா கூப்பிட்டா, திருத்தின ப்ராம்ப்டையும் திருப்பிக் கொடுத்துச்சு. அதைப் படிச்சுப் பார்த்தேன். ‘வயதான மீனவப் பெண்’னு நாம மூணு சொல் சொன்னா, அது ‘ஞானம் ததும்பும் கண்கள், கம்பீரமான’ அப்படின்னு அடுக்கும். நாம வேண்டாம்னு விட்ட பட்டமெல்லாம் பின்வாசல் வழியா வரும். என் பழக்கம், ‘நான் எழுதியதில் ஒரு சொல்லும் சேர்க்காதே’ன்னு முதல்லயே சொல்லிடறது. ஓரளவு கேட்குது.

இப்படி மறைவா சொல் சேர்க்கிறது எவ்வளவு தூரம் போகும்கிறதுக்கு 2024 பிப்ரவரியில கூகுள் ஜெமினியில நடந்தது சாட்சி. சரித்திர மனுஷங்களைக்கூட இன வேறுபாடு கலந்து வரைஞ்சு, கடைசியில மனுஷங்க படம் போடறதையே கொஞ்ச காலம் நிறுத்தி வச்சாங்க. ஒருதலைப் பட்சத்தைச் சரிபண்ண நினைச்சதுதான். ஆனா எழுதினவருக்குத் தெரியாம சொல்லை மாத்தினா பாத்திரம் அவர் கையில இல்லாம போயிடுது.

அந்த ஒருதலைப் பட்சம் நிஜம்தான், அதையும் சொல்லிடறேன். 2023-ல ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட் இதழ் மிட்ஜர்னியில ‘ஒரு இந்தியர்’னு கேட்டுப் பார்த்தாங்க. பெரும்பாலும் தாடி வச்சுத் தலைப்பாகை கட்டின கிழவர்தான் வந்தார். ‘இந்தியர்’னா கிழவர், ‘இந்திய வீராங்கனை’ன்னா குமரி. வயசு எங்கே ஒளிஞ்சிருக்கு பாருங்க.

#16 திருப்பாப்புலியூர்

#15-க்குப் பிறகு ஒன்று சேர்க்கிறேன். இந்தப் படங்களைப் புத்தகமாக அச்சிடும் எண்ணம் இருந்தால் கவனியுங்கள், கெடிலக்கரை. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் ஒரு அறிக்கை வெளியிட்டது. ப்ராம்ப்ட் மட்டும் எழுதியதால் அந்தப் படத்துக்கு ஒருவர் படைப்பாளி ஆகிவிட மாட்டார், இன்றைய கருவிகளில் விளைவின் மேல் அவருக்குப் போதிய கட்டுப்பாடு இல்லை என்பது அதன் நிலைப்பாடு. நம் நாட்டுச் சட்டம் தனி. ஆனால் இந்த இழையில் பேசப்படுவது எல்லாம் அதே கேள்விதான்: எழுதுகிறவர் கையில் எவ்வளவு இருக்கிறது? என் கணிப்பு, முகத்தின் வகையை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள், முகத்தை அல்ல.

#17 புதுவைத்_தூரிகை

அதனால்தான் சொல்கிறேன், கெடிலக்கரை அக்கா. வந்ததை வைத்துக்கொண்டு மேலே நீங்களே வரையுங்கள். கண்ணை மட்டுமாவது. உங்களுக்கு வரைய வராது என்றால் வரைகிற ஒருவரிடம் கொடுத்து, உரிய காசு கொடுத்து வரையச் சொல்லுங்கள். நீங்கள் இங்கே முத்தாச்சியைப் பற்றி எழுதிய நாலு வரி எந்த ப்ராம்ப்டையும் விட எனக்குத் தெளிவாக இருக்கிறது.

#18 கெடிலக்கரை

அப்படியே செய்வதாக இருக்கிறேன், தூரிகை. அட்டைப்படத்தை நீங்கள் வரைவீர்களா? தனிமடல் அனுப்புகிறேன். உள்ளே வரும் சின்னப் படங்களுக்கு ஏஐ, அதிலும் கண்ணும் கையும் மனிதர் கையால் திருத்தி.

எல்லோரும் சொன்னதை வைத்து இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ப்ராம்ப்ட் இது. ஆங்கிலத்தில் அடிப்பதைத் தமிழில் தருகிறேன்:

‘ஐம்பத்தைந்து வயது மீன் விற்கும் பெண், அடர்கறுப்புத் தோல், வெயிலில் உலர்ந்த கன்னம், வெற்றிலைக் கறை உதடு, வெளுத்த தலைமுடி கொண்டையாக, தலையில் துணிச் சும்மாடு, நேரான கழுத்து, கழுத்தில் கறுப்புக் கயிறு, தொங்கும் வெறுங்காது மடல், முழங்கால் வரை நனைந்த நூல்சேலை, கையில் நீண்ட மரத்துடுப்பு, தண்ணீர் விளிம்பு, காலை வெயில் முகத்தில், பின்னால் இடிந்த செங்கல் சுவர்.’

நெகட்டிவில்: கவசம், தங்கம், மாடல் அழகி, அஸ்தமனம். ‘இந்தியன்’ என்ற சொல் இல்லை. ‘ஃபேன்டசி’யும் இல்லை. மாயம் எங்கே என்று கேட்பீர்கள். அவள் காலடித் தண்ணீரில் நிழலுக்குப் பதிலாக வேறு ஆட்களின் நிழல்கள் விழுவதாக ஒரே ஒரு வரி கடைசியில் சேர்த்தேன். எல்லாம் சாதாரணமாக இருக்கும் படத்தில் அது மட்டும் பிசகி நிற்பதால் மயிர் கூச்செறிகிறது. ஒளிவட்டம், மின்னல், பறக்கும் கல் எதுவும் தேவைப்படவில்லை.

இடிந்த சுவருக்கு ஒரு குறிப்பு. செயின்ட் டேவிட் கோட்டையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், 1690-இல் கும்பெனிக்காரர்கள் மராட்டியரிடம் வாங்கியது. ‘ஃபோர்ட்’ என்று எழுதினால் மறுபடி ராஜஸ்தான் வருகிறது. ‘உப்பு அரித்த செங்கல், உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சு’ என்றால் கெடிலம் கடலில் சேரும் இடம் மாதிரியே இருக்கிறது.

இன்னும் சரியாகாதது: தோல். கறுப்பு என்று எழுதினாலும் வெயில் வரியைச் சேர்த்ததும் வெளுத்துவிடுகிறது. அரிதாரம் அண்ணா, இன்னொரு பாத்திரம் இருக்கிறது, கரையில் நின்று முத்தாச்சியை எதிர்க்கும் ஒரு கூத்துக்காரன். புஜகீர்த்தி தோளில் எப்படி நிற்கும் என்று சொல்ல முடியுமா? ஏஐ அதைத் தோள்பட்டைக் கவசமாக்கிவிடுகிறது.

#19 உப்பளத்தான்

தோலுக்கு ரெண்டு யோசனை. ஒண்ணு, நிறத்தை முதல் சொல்லுக்குப் பக்கத்துலயே வைங்க, அடைப்புக்குள்ள போட்டு 1.2 அழுத்தம் கொடுங்க. 1.4-க்கு மேல போனா முகம் பிளாஸ்டிக் ஆயிடும். ரெண்டு, வெயில் ‘முகத்தில்’ விழுதுன்னு சொல்லாம, தண்ணியிலயும் துடுப்புலயும் விழுதுன்னு எழுதுங்க. நிறமும் வெளிச்சமும் ஒண்ணோட ஒண்ணு கசிஞ்சு கலக்கிறது இந்த மாடல்களோட பழைய நோய். ‘நீலச் சேலைப் பெண், சிவப்புத் துண்டு ஆண்’னு கேட்டா நிறம் இடம் மாறி வருமே, அதே கதை. ரெண்டு சொல்லையும் தள்ளி வச்சா குறையும்.

#20 அரிதாரம்

அக்கா, கவசம்னு மெஷின் நினைக்கிறதுக்குக் காரணம் ‘தோள்’ங்கிற சொல்தான்னு படுது. கவசம் தோளை மூடும். புஜகீர்த்தி தோளை மூடாது, தோள்லேர்ந்து மேல நோக்கி, காதுப் பக்கம் எழும்பி நிக்கும். முன்னாடியிலேர்ந்து பார்த்தா முகத்துக்கு ரெண்டு பக்கமும் விரிஞ்ச மாதிரி இருக்கும். கிரீடத்தோட அடியும் அதோட நுனியும் ஏறக்குறைய ஒரே உயரத்துல வரும். மரம்னு கட்டாயம் எழுதுங்க, உலோகம்னு விட்டா ரோமானியச் சிப்பாய்தான். கயிறு கட்டி மார்புக்குக் குறுக்கே முடிச்சு போட்டிருக்கும், அந்த முடிச்சையும் எழுதுங்க. அப்பாவோட பழைய ஜதை ஒண்ணு வீட்டுல இருக்கு. ஞாயித்துக்கிழமை பரண்லேர்ந்து இறக்கி, நாலு பக்கமும் படம் எடுத்து இங்கேயே போடறேன். அப்பா கிட்ட கேட்டுட்டேன், தாராளமா போடுன்னாரு. முகம் மட்டும் வேண்டாம்னாரு.